எடுத்த எடம் எதுங்க மாப்பிள்ளை?

ஏனுங்க மாப்பிள்ளை, மாடிப்படிக்குக் கீழ பட்டறை வச்சிருக்கறீங்கன்னு என்ற தம்பி மக, நம்ம பாப்பா சொல்லுச்சு. பாத்தனுங்க. நெம்ப நல்லாருக்குது. வெளக்கு நல்லாருக்குது, பெயிண்டு நல்லாருக்குது, சொவத்துல ஓட்டை போட்ட பலகை ஒண்ணு அடிச்சிருக்கறீங்க, அது இன்னும் நல்லாருக்குது. அறை அறையா இருக்கற பிளாஸ்டிக் பெட்டிய அடுக்கி, ஒவ்வொரு அறைக்கும் கம்ப்யூட்டர்ல அடிச்சு சீட்டு ஒட்டியிருக்கறீங்க. அந்தச் சீட்டு முச்சூடும் நின்னு படிச்சனுங்க. குளியலறைக் குழாய்ல தண்ணி சொட்டற சத்தம் ஒண்ணுதான் படிக்கறதுக்குக் கொஞ்சம் எடஞ்சலா இருந்துச்சு.

நான் குத்தம் சொல்ல வரலீங்க. ஊட்டு மாப்பிள்ளையைக் குத்தம் சொன்னா என்ற தம்பிக்கு, அதான் உங்க மாமனாருக்கு, வருத்தம் வரும். அவனுக்கு வருத்தம் வந்தா எனக்குக் காப்பி வராது. மோட்டார் ரூமுலயும் சாளையிலயும் காலந்தள்ளுனவன், நாலு வார்த்தை சொல்லலாம்னு பாத்தேன். புடிச்சாக் கேளுங்க. புடிக்கலைன்னாலும் கேளுங்க, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது.

கோயமுத்தூர்ப் பக்கம் பம்ப்செட்டுக் கம்பெனி, பவுண்டரின்னு போனா, பல எடத்துல வாசல்லயே ஒரு போர்டு வச்சிருப்பாங்க: 5எஸ். ஜப்பான்காரன் சரக்கு. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. மொதலாவது, வேண்டாததைக் கழிக்கறது. ரெண்டாவதுதான் அடுக்கறது. மூணாவது, கூட்டித் தொடைக்கறது. நாலாவது, இந்த மூணும் என்னைக்கும் ஒரே மொறையில நடக்கறது. அஞ்சாவது, யாரும் பாக்காதப்பவும் அப்படியே செய்யறது. ஆடிட்டுக்கு ஆள் வர்ற அன்னைக்கு மூணாவதை மட்டும் செஞ்சு முடிச்சுக்கற கம்பெனியும் உண்டுங்க. நீங்க அவங்களையும் தாண்டிட்டீங்க. அஞ்சுக்கும் முன்னால ஆறாவதா ஒண்ணைக் கண்டுபுடிச்சிருக்கறீங்க: பெட்டி வாங்கறது. ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா வந்து படிச்சுட்டுப் போவான்.

கழிக்கறதுக்கு வருவோமுங்க. எதைக் கழிக்கறது, எதை வைக்கறதுன்னு கொழப்பமா இருக்கும். அதுக்கு நம்மூட்டுலயே ஒரு கணக்கு இருக்குது. ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கறமுல்லீங்க? அடுத்த ஆயுத பூசைக்கு எடுக்கறப்ப, போன வருசத்துப் பொட்டு அழியாம அப்படியே இருக்கற சாமான் எது எதுன்னு பாருங்க. ஒரு வருசம் முழுக்க அதை யாரும் தொடலைன்னு அர்த்தம். அது உங்களுக்கு ஆயுதம் இல்லீங்க, அது சாமி. ஒண்ணு ரெண்டு சாமி இருக்கலாம். பைப் ரெஞ்சு, செயின் பிளாக்குன்னு எப்பவாச்சும் ஒருக்கா வேணுங்கறது. அதையெல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சுருங்க. மத்ததெல்லாம் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

ஆயுத பூசை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னா, இப்பவே எனக்குக் கண்ணுல பட்டதைச் சொல்றனுங்க. செத்துப்போன மிக்சி மோட்டார். போன் இல்லாத சார்ஜர் ஒரு கூடை. ஆடை கட்டிப்போன பெயிண்டு டின்னு. அப்பறம் அந்த அரை மூட்டை சிமெண்ட். சிமெண்ட் மூட்டை மூணு மாசம் தாண்டுனாலே பலம் கொறைய ஆரம்பிச்சுருமுங்க. ஈரத் தரையில, வாய் பிரிச்சு வச்சா அத்தனை நாளும் தாங்காது. உங்களது இப்ப மூட்டை வடிவத்துலயே கல்லாயிருச்சு. சாக்கை உரிச்சு வாசல்ல போட்டீங்கன்னா நான் வர்றப்ப உக்காந்துக்குவேன்.

இனி அடுக்கறது. இங்கதானுங்க படிச்சவங்க எல்லாரும் ஒரே பக்கமா யோசிக்கறாங்க. 'வேணுங்கறப்ப டக்குன்னு எடுக்கோணும்'னு யோசிக்கறாங்க. எடுக்கறதுல என்னங்க கஷ்டம்? தண்ணி பீச்சியடிக்குது, அவசரம் முதுகைப் புடிச்சுத் தள்ளுது. மூணு பெட்டிய எறக்கி வச்சுட்டு நாலாவதைத் தொறந்துகூட எடுத்துருவீங்க. வேலை முடிஞ்சப்பறம் தள்ளறதுக்கு ஆளில்லை. கை பூராக் கிரீசு. வவுத்துல பசி. உள்ளயிருந்து பாப்பா ரெண்டு தடவை கூப்புட்டாச்சு. அப்ப அந்த நாலாவது பெட்டியோட மூடியைத் தொறப்பீங்களா? சன்னல் திண்டு பக்கத்துல இருக்குது, அங்கதான் வைப்பீங்க. ஒரு மாசத்துல பட்டறை பெட்டியில இருக்காது, சன்னல்ல இருக்கும். பெட்டியில சீட்டு மட்டும் இருக்கும்.

அதனால, பட்டறைக்குத் திட்டம் போடறப்ப எடுக்கற மாப்பிள்ளையை நெனைக்காதீங்க, திருப்பி வைக்கற மாப்பிள்ளையை நெனைச்சுக்குங்க. அவரு வேற ஆளு. களைச்சவரு, கொஞ்சம் சோம்பேறி, எண்ணெய்க் கையோட நிக்கறவரு. அவரு ஒரே கையில, மூடி தொறக்காம, குனியாம, பாக்காமயே வைக்க முடியற எடம் எதுவோ அதுதான் அந்தச் சாமானுக்கு எடம்.

நம்பிக்கை வரலைன்னா பாப்பாகிட்டக் கேளுங்க. சமையக்கட்டுல பிரிட்ஜு மேல ஒரு திருப்புளி கெடக்குது, பாத்திருக்கறீங்களா? குக்கர் கைப்புடி ஆடுனாலும் அதுதான், சுவிட்ச் போர்டு திருகு கழண்டாலும் அதுதான், பையன் பொம்மைக்கு பேட்டரி மாத்தறதுக்கும் அதுதான். அதுக்குப் பெட்டி இல்லை, சீட்டு இல்லை. அது தொலைஞ்சதும் இல்லை. ஏன்னா வேலை முடிஞ்சு கை தானாப் போற எடம் பிரிட்ஜு மேலதான். உண்மையைச் சொல்லோணும்னா இந்த ஊட்டுல பட்டறை ஏற்கனவே நடந்துட்டுத்தான் இருக்குது. நீங்க வச்சிருக்கறது கிளை.

சரி, அந்தக் கணக்குப்படி பாத்தா மூணே வகைதானுங்க. தெனமும் தொடறது வெளிய தொங்கோணும்: சுத்தி, கட்டிங் பிளேயர், திருப்புளி, டெஸ்டர், டேப்பு. வாரத்துக்கு ஒருக்கா தொடறது மூடி இல்லாத டிராயர்ல, இல்லைன்னா தொறந்த தட்டுல. வருசத்துக்கு ஒருக்கா தொடறதுக்கு மட்டும்தான் மூடி போட்ட பெட்டி. நீங்க நேர் எதிரா பண்ணியிருக்கறீங்க. சுத்திக்குப் பெட்டி வச்சுட்டு, கார்த்திகைக்குக் கட்டற சீரியல் லைட்டை ஆணியில மாட்டி வச்சிருக்கறீங்க. கனமானதெல்லாம் இடுப்பு உயரத்துல இருக்கட்டும், தூக்கறது சுளுவு. தலைக்கு மேல கனமானதும் வேண்டாம், கூரானதும் வேண்டாம். நீங்க அதைத் தேட மறந்தாலும் அது உங்களைத் தேடி வந்துரும்.

அந்த ஓட்டைப் பலகை இருக்குதே, அருமையான சாமானுங்க. ஆனா அதுக்குப் பின்னால ரீப்பர் கட்டை அடிச்சு, சொவத்துக்கும் பலகைக்கும் கொஞ்சம் சந்து விடோணும். அப்பத்தான் கொக்கி உள்ள போய் மடங்கி நிக்கும். நீங்க சொவத்தோட ஒட்டி அடிச்சுட்டீங்க. அதனாலதான் கொக்கியெல்லாம் இன்னும் பிரிக்காத கவர்லயே இருக்குது. அழகுக்கு வாங்குனதுன்னு நெனைச்சுட்டேன். கழட்டி ரீப்பர் வச்சு அடிச்சீங்கன்னா, மழைக்கு ஈரம் ஊறுனாலும் பலகை சீக்கிரம் ஊதாது. அடிச்சதுக்கப்பறம், சாமானை மாட்டி அதைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போடுங்க. வெறுங்கோடு மட்டும் தெரிஞ்சா அந்த ஆளு வெளிய போயிருக்கறாருன்னு அர்த்தம். ஆறு மாசம் அப்படியே பழகுங்க. சுத்தியும் ரம்பமும் எடம் மாறும், மாறட்டும். அப்பறம் பெயிண்டு அடிச்சுக்கலாம். பெயிண்டு வாங்கி வச்சுட்டீங்களா? அதானே.

இன்னொண்ணு, மாடிப்படிக்கு அடியில தலைக்கு மேல இருக்கற காங்கிரீட்டுல ஆங்கர் போல்ட் அடிக்கறதுக்குக் குறி போட்டிருக்கறீங்க. அதை அழிச்சுருங்க. படியோட பாரத்தைத் தாங்கற கம்பி அடிப்பக்கமா, மேல்பூச்சுக்கு ஒரு இஞ்சுக்குள்ளயே ஓடும். ட்ரில்லு கம்பியிலதான் போய் முட்டும். பக்கச் செங்கல் சொவத்துல அடிங்க. படி சரிஞ்சு தரையைத் தொடற அந்த முக்கு மூலை எதுக்கும் ஆகாதுன்னு பாப்பா அங்க வெங்காயம் கொட்டி வச்சிருக்குது. குழாய்த் துண்டு, கண்டியூட்டு, ரீப்பர்னு நீளமா இருக்கறதைப் படுக்க வைக்க அதைவிட நல்ல எடம் இல்லீங்க. தரையில இருந்து நாலு விரக்கடை தூக்கி வச்சா கரையான் ஏறறது கண்ணுக்குத் தெரியும். வெங்காயத்தைப் பத்தி நீங்களே பேசிக்குங்க. நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

இனி வகை பிரிக்கறது. நீங்க சாதி சாதியாப் பிரிச்சிருக்கறீங்க: வாசர் எல்லாம் ஒரு பக்கம், டேப்பு எல்லாம் ஒரு பக்கம், ரெஞ்சு எல்லாம் ஒரு பக்கம். பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்குது. ஆனா குழாய் ஒழுகுனா மூணு பக்கமும் நீங்க ஓடோணும். உங்க அத்தையோட அஞ்சறைப் பெட்டியைப் பாருங்க. கடுகும் உளுந்தும் சீரகமும் ஒண்ணாக் கெடக்குது. ஒரே எண்ணெய்ல ஒரே நேரத்துல விழறதுனால ஒட்டுக்கா இருக்குது. அப்படித்தான் சோலிப் பிரகாரம் சேக்கோணும். குழாய்ச் சோலிக்கு ஒரு பை: டெஃப்லான் டேப்பு, ரப்பர் வாசர், ஒரு சின்ன ரெஞ்சு, பழைய துணி. கரண்டுச் சோலிக்கு ஒரு பை: டெஸ்டர், இன்சுலேசன் டேப்பு, ஃபியூஸ் கம்பி, ஒரு டார்ச்சு. வண்டிக்கு ஒண்ணு. பையைத் தூக்கிட்டுப் போங்க, வேலை முடிஞ்சா பையோட கொண்டாந்து ஆணியில மாட்டுங்க. திருப்பி வைக்கற சோலி ஒரே சோலி. அதுக்குன்னு ரெண்டாவதா ஒரு ரெஞ்சு வாங்கறது செலவு இல்லீங்க. அந்தச் சீட்டு அடிக்கற மிசினு வாங்குனீங்களே, அது செலவு.

ஸ்பேனர் பத்திச் சொல்லியே ஆகோணும். செட்டுல எட்டு இருக்கும், 6-7ல தொடங்கி 20-22 வரைக்கும். 20-22 உங்க பேரன் காலத்துலயும் புதுசாவே இருக்கும். 10-11 மட்டும் இப்பவே காணோம். அது மாயமில்லீங்க. எம்6 போல்ட்டுக்குத் தலை பத்து. வண்டியில மக்காட்டு, பேட்டரி, கவருன்னு எங்க பாத்தாலும் எம்6தான். அதனால கை அதிக நேரம் புடிக்கறது பத்தைத்தான். அதிகம் வெளிய போறவன்தான் அதிகம் தொலைவான். எம்8க்கு 13, அடுத்தபடியாத் தொலையறது அது. ஆகவே முழு செட்டு இன்னொண்ணு வாங்காதீங்க. பத்துல மட்டும் தனியா மூணு வாங்குங்க. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு தொலையறதுக்கு, ஒண்ணு எனக்கு.

ட்ரில் பிட்டுக்குப் பெட்டி வேண்டாமுங்க. ஒரு மரக்கட்டை எடுத்து, ஒவ்வொரு பிட்டாலயும் அதுலயே ஓட்டை போட்டு, அந்தந்த ஓட்டையிலயே அதை நிறுத்தி வைங்க. 6 போட்ட ஓட்டையில 8 போகாது. 8 போட்ட ஓட்டையில 6 லொடலொடன்னு ஆடும். சீட்டே வேண்டாம், ஓட்டையே சொல்லும். வெறும் ஓட்டை தெரிஞ்சா தொலைஞ்சது எதுன்னும் சொல்லிப்போடும். இரும்பு பிட்டுக்கு ஒரு கட்டை, செவுத்து பிட்டுக்கு ஒரு கட்டை. ரெண்டையும் கலந்து வச்சுட்டு, செவுத்து பிட்டை இரும்புல போட்டு, 'கம்பெனி சரியில்லை'ன்னு சொல்றவங்களை நான் பாத்திருக்கறேன். நீங்கன்னு சொல்லலீங்க.

அரத்தை அரத்து மேல போடாதீங்க. பல்லும் பல்லும் உரசி ரெண்டும் மொட்டையாயிரும். தனித்தனியா மாட்டுங்க, இல்லை துணியில சுத்துங்க. ரம்பத்துப் பல்லுக்குத் தோட்டத்துப் பைப்பை நீளமாக் கீறி மாட்டிவிடலாம். உளி முனைக்கும் அதே பைப்புத் துண்டு போதும். கிரைண்டர்ல மாட்டற 4 இஞ்சு கட்டிங் வீலு இருக்குதே, அதுக்கு நடுவுல தகட்டு வளையம் ஒண்ணு இருக்கும். நல்ல வீலா இருந்தா அதுல மாசமும் வருசமும் அடிச்சிருக்கும். அதுதான் அதோட கெடு. பிசின்ல ஒட்டிச் செய்யறது, செஞ்சதுல இருந்து மூணு வருசம் வரைக்கும்தான் கணக்கு. ஈரத்துல கெடந்ததையும், கீழ விழுந்து வெடிச்சதையும் கணக்குப் பாக்காமத் தூக்கிப் போடுங்க. பிரிட்ஜுல இருக்கற தயிருக்குத் தேதி பாக்கறீங்க, மூஞ்சிக்கு நேராச் சுத்தறதுக்குப் பாக்க மாட்டீங்களா?

இனி துரு. மழை வந்தா துருப்புடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். உங்க பட்டறையில மழை வராமயே துருப்புடிக்குது, ஏன்னு யோசிச்சீங்களா? கீழ்த்தட்டுல கக்கூஸ் கழுவற ஆசிட் பாட்டில் இருக்குது. மூடி இறுக்கி இருந்தாலும் அதோட ஆவி கசியும். பக்கத்துல இருக்கற இரும்பையெல்லாம் சிவப்பாக்கிரும். மாடித் தோட்டத்துப் பொட்டாஷ் மூட்டையும் அதே குணம்தான், அதுவும் ஒரு உப்புதானுங்க. ரெண்டையும் வெளிய தள்ளுங்க. வேலை முடிஞ்சா மிசின் ஆயில் தொட்ட துணியில சாமானை ஒரு இழுப்பு இழுங்க. கையில இருக்கற வேர்வையும் உப்புத்தான். பாப்பாவோட சமையல் எண்ணெயை எடுக்காதீங்க, நாளாக நாளாகப் பிசுபிசுன்னு பசையாயிரும். ஆயுத பூசை முடிஞ்ச மறுநாளே இரும்புல வச்ச சந்தனத்தைத் தொடைச்சுருங்க, நான் சொன்ன கணக்குக்குக் கைப்புடியிலயும் பெட்டியிலயும் வச்ச பொட்டு போதும். பக்தியா வச்ச ஈரப் பொட்டுதான் ஸ்பேனர்ல வட்டமாத் துரு புடிக்கறதுக்கு மொதல் காரணம்.

இதுல மட்டும் நான் வெளையாட்டாப் பேசலீங்க மாப்பிள்ளை. இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்துல நின்னு கிரைண்டர் ஓட்டாதீங்க. சார்ஜ் ஏறறப்ப அதுல இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும். தின்னர், டர்பெண்டைன், பிவிசி ஒட்டற சொல்யூசன் எதுவும் பொறி பறக்கற தட்டுல இருக்கக் கூடாது. தின்னரையோ மண்ணெண்ணெயையோ ஆசிட்டையோ தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. தாகத்துல வர்ற கொழந்தை சீட்டுப் படிச்சுப் பாத்துக் குடிக்காது. வாங்குன டப்பாவுலயே இருக்கட்டும், பூட்டு போட்ட எடத்துல இருக்கட்டும். நீங்க வாங்குன பெட்டிகள்ல நெசமாவே வேணுங்கற பெட்டி, பூட்டு இருக்கற அந்த ஒண்ணுதான்.

இவ்வளவு அடுக்குனாலும் சேராதது கொஞ்சம் மிஞ்சும். எந்த வண்டியில கழண்டதுன்னு தெரியாத நட்டு, ஒத்தை ஸ்பிரிங்கு, மூடி இல்லாத மூடித் திருகு. அதுக்குன்னு ஒரு கலவை டப்பா வச்சுக்கலாம், தப்பில்லை. ஆனா ஒண்ணே ஒண்ணு, அதுவும் சின்னது. அது நெறைஞ்ச அன்னைக்குத் தட்டுல கொட்டி, வேணுங்கறதைப் பொறுக்கிட்டு மிச்சத்தை வீசிருங்க. பெரிய டப்பா வாங்கறதுதான் பரிகாரம்னு நெனைச்சீங்கன்னா, பத்து வருசத்துல இந்தப் பட்டறையே கலவை டப்பா ஆயிரும். மூடிக்குப் பதிலா மேல மாடிப்படி இருக்கும்.

கடைசியா எரவல் சமாச்சாரம். சாமான் கொறையறதுக்குத் திருடன் வரவேண்டியதில்லீங்க, ஒறம்பரை வந்தாப் போதும். கதவுக்குப் பின்னால கருப்புப் பலகைத் துண்டு ஒண்ணு மாட்டி, சாக்பீஸைக் கயித்துல கட்டித் தொங்கவிடுங்க. யாரு எதை எடுத்தாலும், என்ன சாமான், என்ன தேதின்னு எடுத்தவரு கையாலயே எழுதட்டும். நீங்க எழுதுனா சந்தேகப்படறீங்கன்னு பேராயிரும். அவரே எழுதுனா அவரு வாக்கு. மொறை பாத்து ஆளை விட்டுறாதீங்க. மொதல் வரியே உங்க மாமனாரு பேருதான் வரோணும்: அலுமினிய ஏணி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கொண்டு போனது. அதைத் திருப்பிக் கேட்டுறாதீங்க, பொண்ணு குடுத்த ஊட்டுல போய் ஏணி கேக்கறது மொறையில்லை. எழுதி மட்டும் வைங்க. அவன் இருக்கறப்ப நான் வந்து, கண்ணு தெரியாதவனாட்டம் சத்தமாப் படிச்சுக்கறேன்.

எம் பேரை அதுல எழுத வேண்டாமுங்க. அந்த ரசமட்டத்தை நான் எரவல் வாங்கலை. உங்க பட்டறை ஒழுங்காகற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கறேன்.